யாஸ்னயா பொல்யானாவின் இருவர்

யாஸ்னயா பொல்யானா, ரஷ்யாவின் தூலா நகருக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பண்ணை. மாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் 1828-ல் அங்கே பிறந்தார். 1862 முதல் 1910 வரை, 48 ஆண்டுகள், அவரும் மனைவி சோஃபியா அந்திரேயெவ்னாவும் அந்த வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். பணம், நகரம், ரயில், பதிப்புரிமை, பட்டணத்துப் படிப்பு என்று 19ஆம் நூற்றாண்டு கொண்டுவந்த வாழ்க்கையைக் கணவர் பாதி வழியில் மறுத்துவிட்டார். மனைவி அதையே கைப்பிடித்துக்கொண்டு குடும்பத்தைக் கரைசேர்த்தார். இருவருக்கும் இடையே காதல் இருந்தது என்பதில் ஐயமில்லை. இருவரும் எழுதிக் குவித்த நாட்குறிப்புகளும் ஒருவருக்கொருவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களும் அதற்குச் சாட்சி. (இங்கே தரப்படும் ரஷ்ய நாள்கள் 1918 வரை அந்நாட்டில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி அமைந்தவை. இன்றைய நாட்காட்டி அதைவிட 19ஆம் நூற்றாண்டில் 12 நாளும், 20ஆம் நூற்றாண்டில் 13 நாளும் முன்னே செல்லும்.)

பண்ணை, டால்ஸ்டாயின் தாய்வழிப் பாட்டனார் நிக்கலாய் வோல்கோன்ஸ்கி உருவாக்கியது. 1847-ல் பாகப்பிரிவினையில் அது டால்ஸ்டாய்க்கு வந்தபோது நிலத்தோடு முந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளும் அவர் உடைமையாயினர். இளமையில் அவர் பெருஞ்சூதாடி. அவர் பிறந்த பெரிய மாளிகையே 1854-ல் விலைபோனது. வாங்கியவர் அதைப் பிரித்தெடுத்து வேறு ஊரில் கட்டிக்கொண்டார். மாளிகையின் இரு பக்கத்திலும் இருந்த சிறு கட்டடங்கள்தாம் மிஞ்சின. அவற்றில் ஒன்றே டால்ஸ்டாய் தம்பதியரின் வீடானது. குடும்பம் பெருகப் பெருக அதில் அறைகள் சேர்ந்தன. பண்ணையடிமை முறை 1861-ல் ஒழிவதற்கு இரண்டு ஆண்டு முன்பே உழவர் குழந்தைகளுக்காக அங்கே ஒரு பள்ளியை அவர் திறந்திருந்தார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளுக்கான விதை அந்தப் பள்ளியில் இருந்தது. ஆனால் 1862-ல் அவரைப் பார்த்த எவருக்கும் அவர் ஒரு பிரபு, நிலக்கிழார், பேரெடுத்து வரும் எழுத்தாளர். சோஃபியா மணந்துகொண்டதும் அந்த மனிதரைத்தான்.

சோஃபியா, கிரெம்ளினில் அரசவை மருத்துவராக இருந்த அந்திரேய் பெர்ஸின் மகள். 1844-ல் பிறந்தவர், வீட்டிலேயே படித்து மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆசிரியத் தேர்வில் தேறியவர், கதை எழுதும் கையும் உள்ளவர். 1862 செப்டம்பர் 23 அன்று, டால்ஸ்டாய் சம்மதம் கேட்ட ஒரே வாரத்தில், கிரெம்ளின் தேவாலயம் ஒன்றில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 34 வயது, பெண்ணுக்கு 18. தன்னைப் பற்றி எதையும் மறைக்கக் கூடாது என்று கருதிய டால்ஸ்டாய், திருமணத்துக்கு முன் தம் பழைய நாட்குறிப்புகளை அவரிடம் படிக்கக் கொடுத்தார். சூது, விலைமாதர், பண்ணையிலேயே வாழ்ந்த ஓர் உழவர் வீட்டுப் பெண்ணோடு உறவு, எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பையன் அதே பண்ணையில்தான் வளர்ந்தான். நேர்மை என்று கணவர் நினைத்துச் செய்தது மனைவியின் நெஞ்சில் ஆறாத புண்ணாக நின்றது. முதுமையிலும் அவர் நாட்குறிப்பில் அந்தப் பக்கங்களின் வலி தலைகாட்டுகிறது.

அதன் பிறகும் முதல் 15 ஆண்டுகள் மகிழ்ச்சியான ஆண்டுகள். 'போரும் அமைதியும்' 1863-க்கும் 1869-க்கும் இடையில் அந்த வீட்டில்தான் உருவானது. டால்ஸ்டாயின் கையெழுத்து மோசமானது. வரிக்கு மேல் வரி, ஓரத்தில் திருத்தம், திருத்தத்துக்குள் திருத்தம் என்று போகும். சில இடங்களை அவராலேயே படிக்க முடியாது. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சோஃபியா அந்தத் தாள்களைப் படித்துத் தெளிவாக எழுதி வைப்பார். காலையில் அந்தப் படியை எடுத்து டால்ஸ்டாய் மறுபடி அடித்துத் திருத்துவார். இரவில் அது மறுபடி சோஃபியாவின் மேசைக்கு வரும். நாவல் முழுவதையும் அவர் ஏழு முறை படியெடுத்தார் என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். எண்ணிக்கை எதுவானாலும், உலகம் படிக்கும் அந்த நாவலின் பெரும்பகுதி பலமுறை அவர் கைவழியே போய்த்தான் அச்சுக்குச் சென்றது. இதே காலத்தில் அவர் பிள்ளை பெறுவதும் நிற்கவில்லை. மொத்தம் 13 குழந்தைகள். அவர்களில் 8 பேரே வளர்ந்து ஆளானார்கள்.

அந்நாளைய டால்ஸ்டாய் நவீன வாழ்க்கைக்குப் பகைவர் அல்லர். 1871-ல் சமாரா மாநிலத்தில் புதிதாக நிலம் வாங்கியவர், நூல்களுக்குப் பேரம் பேசி நல்ல விலை பெற்றவர். ரயில் மட்டும் தொடக்கம் முதலே அவருக்கு உறுத்தலாக இருந்தது. மாஸ்கோவிலிருந்து கூர்ஸ்க் போகும் பாதை 1860-களின் இறுதியில் பண்ணையை ஒட்டிப் போடப்பட்டது. 1872 ஜனவரியில், பக்கத்துப் பண்ணையில் வாழ்ந்த ஒரு பெண், காதலன் கைவிட்டதால் அருகிலுள்ள யாசென்கி நிலையத்தில் ரயில் முன் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் அங்கே போய் உடலைப் பார்த்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய 'அன்னா கரீனினா'வின் முடிவு அங்கிருந்து வந்தது.

அந்த நாவலை முடித்த கையோடு டால்ஸ்டாய்க்குள் பெரிய குலைவு ஏற்பட்டது. சாவு வரப்போகும் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற கேள்வி அவரைத் தற்கொலையின் விளிம்புவரை கொண்டுபோனது. படித்தவர்களிடம் கிடைக்காத விடை உழுது பிழைக்கும் எளியவர்களின் நம்பிக்கையில் கிடைத்ததாக 'ஒப்புதல் வாக்குமூலம்' நூலில் எழுதினார். தீமையை வன்முறையால் எதிர்க்காதிருத்தல், தன் உணவுக்குத் தானே உழைத்தல், சொத்தைத் துறத்தல் ஆகிய மூன்றையும் அவர் ஏசுவின் மலைப்பொழிவிலிருந்து எடுத்து வாழ்க்கை நெறியாக்கிக்கொண்டார். அரசு, நீதிமன்றம், படை, திருச்சபை எல்லாம் அவருக்கு வன்முறையின் கருவிகளாகத் தெரிந்தன.

இந்த மாற்றம் முழுவதும் ஒருவரிடத்தில் மட்டும் நிகழ்ந்தது. சோஃபியா மாறவில்லை. மணந்தபோது இருவரும் சேர்ந்து தேர்ந்த வாழ்க்கையை அவர் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் இதை மறந்துவிட்டுத்தான் அவரை ஞானியின் கொடுமைக்கார மனைவி என்று எழுதினார்கள். அது பெரிய அநீதி.

1881-ல், மூத்த பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் குளிர்காலங்களில் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஹமோவ்னிகி பகுதியில் ஒரு மரவீடு வாங்கினார்கள். சோஃபியாவுக்கு அது பிள்ளைகளின் எதிர்காலம். டால்ஸ்டாய்க்கு அது நரகம். 1882-ல் மாஸ்கோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாமே முன்வந்து சேர்ந்து, நகரத்தின் மிக ஏழ்மையான சத்திரங்களுக்குள் அவர் போய்ப் பார்த்தார். அங்கே கண்டதிலிருந்து 'அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?' என்ற நூல் பிறந்தது. ஏழைகளுக்குப் பணம் கொடுப்பதால் பயனில்லை, அவர்கள் முதுகிலிருந்து நாம் இறங்க வேண்டும் என்பதே அதன் சாரம். அவர் விறகு வெட்டினார், தண்ணீர் சுமந்தார், செருப்புத் தைக்கக் கற்றார். கவிஞர் ஃபெத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த காலணிக்கு ஃபெத் ஆறு ரூபிள் கூலி கொடுத்து, சான்றிதழும் எழுதித் தந்தார். மாஸ்கோவிலிருந்து யாஸ்னயா பொல்யானாவுக்கு 1886-ல் நடந்தே போனார். 1880-களின் நடுவில் இறைச்சியை விட்டார், பின்பு புகையிலையையும் மதுவையும் விட்டார். ஒரே சாப்பாட்டு மேசையில் அவருக்கும் அவர் வழி நின்ற மகள்களுக்கும் கஞ்சியும் காய்கறியும், மற்றவர்களுக்கு இறைச்சியும். பரிமாறியவர்கள் வெள்ளைக் கையுறை அணிந்த பணியாளர்கள். இந்த முரண்பாடு டால்ஸ்டாயை ஒவ்வொரு வேளையும் குத்தியது.

சமையலுக்கும் கையுறைக்கும் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கும் யார் பணம் கொடுப்பது? 1883-ல் பண்ணை நிர்வாகம் முழுவதையும் சோஃபியாவுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து டால்ஸ்டாய் கைகழுவினார். சொத்து தீமை என்றவர், அந்தத் தீமையை மனைவியின் தலையில் இறக்கிவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சோஃபியா சளைக்கவில்லை. பீட்டர்ஸ்பர்க் போய், தஸ்தயேவ்ஸ்கியின் நூல்களைத் தாமே பதிப்பித்து வந்த அவர் மனைவி அன்னாவிடம் பதிப்புத் தொழிலின் நுட்பங்களைக் கேட்டறிந்தார். பிறகு கணவரின் நூல்தொகுதிகளைத் தாமே வெளியிட்டார். அச்சுப்படி திருத்துவது, காகிதம் வாங்குவது, தணிக்கையாளரிடம் வாதாடுவது, சந்தா சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. கணவரோ 1884-ல், சீடர் விளாதிமிர் செர்த்கோவோடு சேர்ந்து, உழவர்களுக்கு மிக மலிவான நூல்களைத் தரும் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார். ஒரே வீட்டிலிருந்து ஒரே எழுத்தாளரின் நூல்கள் இரண்டு வழியாக வெளியேறின. ஒன்று குடும்பத்தைக் காப்பாற்ற, மற்றது உலகத்தை மாற்ற.

அதே 1884 ஜூனில் டால்ஸ்டாய் முதல் முறையாக மூட்டை கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். மனைவி நிறைமாதம் என்ற நினைவு பாதி வழியில் அவரைத் திருப்பிக்கொண்டு வந்தது. அன்று இரவே பிரசவ வலி கண்டு மகள் அலெக்சாந்திரா பிறந்தாள்.

1889-ல் எழுதி முடித்த 'க்ரூட்சர் சொனாட்டா' இருவரின் உறவுக்கே வைத்த நெருப்பு. மனைவியைக் கொன்றவன் ஒருவன் ரயில் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, காதலும் தாம்பத்தியமும் வெறும் ஏமாற்று என்று பேசும் கதை அது. படித்தவர்கள் எல்லாரும் ஆசிரியரின் வீட்டைத்தான் நினைத்தார்கள். தணிக்கை அதைத் தடைசெய்தது. அதன்பின் நடந்தது வியப்பானது. அந்தக் கதையை வெறுத்த சோஃபியாவே 1891 ஏப்ரலில் பீட்டர்ஸ்பர்க் போய் ஜார் மூன்றாம் அலெக்சாந்தரை நேரில் கண்டு, நூல்தொகுதியின் 13ஆம் பகுதியில் அதைச் சேர்க்க அனுமதி வாங்கிவந்தார். பதிப்பாளரின் கணக்கும் அதில் உண்டு. தான் அந்தக் கதையின் பலியாள் அல்ல என்று உலகுக்குக் காட்டும் தன்மானமும் உண்டு. அதோடு அவர் நிற்கவில்லை. 'யாருடைய தவறு?' என்ற குறுநாவலை எழுதி, அதே மணவாழ்க்கையை மனைவியின் கண்ணால் காட்டினார். மனைவியோடு மனம்விட்டுப் பேசவும் பிள்ளைகளைக் கவனிக்கவும் தெரியாத கணவனின் உடல்வேட்கைதான் அங்கே குற்றவாளி. அதை அவர் வாழ்நாளில் அச்சிடவில்லை.

அந்த 1891 செப்டம்பரில், 1881-க்குப் பின் எழுதிய நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று டால்ஸ்டாய் செய்தித்தாளில் அறிவித்தார். அடுத்த ஆண்டு நிலபுலன்கள் மனைவிக்கும் ஒன்பது பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதப்பட்டன. யாஸ்னயா பொல்யானா சோஃபியாவுக்கும் கடைக்குட்டி இவானுக்கும் வந்தது. தந்தையின் வழியைப் பின்பற்றிய மகள் மரியா தன் பங்கை வேண்டாம் என்றாள். பழைய பெரிய நாவல்களின் உரிமை மட்டும் சோஃபியாவின் கையில் நின்றது. குடும்பத்தின் வருமானத்துக்கு அது ஒரு தூண்.

இதே மாதங்களில்தான் இருவரும் முழுமனதாக ஒன்றுபட்டு வேலை செய்த காலமும் வந்தது. 1891-ல் நடு ரஷ்யாவில் பெரும் பஞ்சம். டால்ஸ்டாய் தம் மகள்களோடு ரியசான் மாநிலத்தின் பெகிச்செவ்கா கிராமத்துக்குப் போய் இலவச உணவுக்கூடங்களைத் திறந்தார். மாஸ்கோவில் இருந்த சோஃபியா நவம்பரில் செய்தித்தாளில் உதவி கேட்டுத் திறந்த மடல் எழுதினார். ரஷ்யாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. வந்த காசுக்குக் கணக்கு எழுதி, துணியும் தானியமும் வாங்கி, சரக்கு ரயிலில் அவர் அனுப்பினார். 1892 கோடைக்குள் உணவுக்கூடங்கள் 200-ஐத் தாண்டின. பணத்தால் ஏழைக்கு நன்மை செய்ய முடியாது என்று எழுதியவர் மனைவி திரட்டிய பணத்தால் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டார். டால்ஸ்டாய்க்கே இது உறுத்தியது. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் இருவரும் எழுதிய கடிதங்களில் நெடுநாளாகக் காணாத கனிவு இருந்தது.

1895 பிப்ரவரியில் ஏழு வயதுகூட நிறையாத இவான் செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்தான். சோஃபியா அந்த அடியிலிருந்து எழவே இல்லை. இசையில் ஆறுதல் தேடினார். இசையமைப்பாளர் செர்கேய் தனேயெவ் அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் யாஸ்னயா பொல்யானாவில் தங்கிப் பியானோ வாசித்தார். அந்த நட்பு டால்ஸ்டாய்க்குப் பொறாமையைத் தந்தது. மகன் இறந்த அதே ஆண்டில், தம் 67ஆம் அகவையில், டால்ஸ்டாய் மாஸ்கோவில் மிதிவண்டி ஓட்டக் கற்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நவீனப் பொருள்களை அவர் ஒரேயடியாக விலக்கியவர் அல்லர். 1908-ல் எடிசன் அனுப்பிய ஒலிப்பதிவுக் கருவியிலும் பேசியிருக்கிறார். சோஃபியாவோ காமிராவைக் கையில் எடுத்து, தாமே படம் எடுத்து, தாமே கழுவி, குடும்ப வாழ்க்கையை நூற்றுக்கணக்கான படங்களில் பதிந்துவைத்தார். கணவரின் கையெழுத்துப் படிகளை மூட்டை மூட்டையாக மாஸ்கோ அருங்காட்சியகங்களில் ஒப்படைத்துக் காத்தவரும் அவர்தான்.

சோஃபியா திருச்சபையை நம்பியவர். 1901 பிப்ரவரியில் அந்தத் திருச்சபை டால்ஸ்டாயை விலக்கிவைத்தபோது, அதன் தலைவர்களுக்குச் சினம் கொப்பளிக்கும் கடிதம் எழுதியவர் அவரே. அது அச்சேறி ரஷ்யா முழுவதும் பரவியது. கணவரின் கொள்கையை ஏற்காமலே கணவருக்காகச் சண்டையிட அவருக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில்தான் யாஸ்னயா பொல்யானாவுக்குத் தமிழோடும் தமிழரோடும் ஒரு தொடர்பு ஏற்பட்டது. வங்கத்துப் புரட்சியாளர் தாரகநாத தாஸுக்கு 1908-ல் எழுதிய மறுமொழியில் டால்ஸ்டாய் திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரக் கருத்துகளை மேற்கோளாக எடுத்தாண்டார். அதைக் காந்தி தென்னாப்பிரிக்காவில் தம் இதழில் வெளியிட்டார். ரயிலையும் வழக்கறிஞரையும் மருத்துவரையும் சாடும் தம் 'இந்திய சுயராஜ்யம்' நூலை 1910-ல் காந்தி டால்ஸ்டாய்க்கு அனுப்பிவைத்தார். அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் கணிசமானோர் தமிழர். செருப்புத் தைப்பதும் தச்சு வேலையும் அங்கே அன்றாட வேலைகள். யாஸ்னயா பொல்யானாவில் நிறைவேறாமல் போன வாழ்க்கை, மனைவி மக்களின் தடையின்றி, டிரான்ஸ்வாலில் நடந்தேறியது.

யாஸ்னயா பொல்யானாவிலோ நிலைமை கெட்டுக்கொண்டே போனது. நாடுகடத்தலிலிருந்து திரும்பிய செர்த்கோவ் அருகிலேயே குடியேறினார். காட்டு மரங்கள் திருட்டுப்போகாமல் காக்க சோஃபியா ஒரு செர்க்கேசியக் காவலாளரை அமர்த்தினார். அவர் உழவர்களைப் பிடித்து இழுத்துவரும்போதெல்லாம் டால்ஸ்டாய் குன்றிப்போனார். டால்ஸ்டாயின் நாட்குறிப்புகளும் நூலுரிமையும் யாருக்கு என்ற கேள்வி வீட்டைப் பிளந்தது. 1910 ஜூலை 22 அன்று, வீட்டுக்குத் தெரியாமல், காட்டுக்குள் ஒரு மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து டால்ஸ்டாய் உயிலில் கையெழுத்திட்டார். எல்லா நூல்களின் உரிமையும், சோஃபியாவிடம் இருந்தவை உட்பட, மகள் அலெக்சாந்திரா பெயருக்குப் போயிற்று. செர்த்கோவின் வழிகாட்டலில் அவற்றைப் பொதுவாக்குவதே நோக்கம். சட்டத்தை மறுத்தவர் சட்டப்படி செல்லும் உயிலை எழுதியதும், அதை மறைத்துவைத்ததும் அவர் வாழ்க்கையின் மிக வருந்தத்தக்க பகுதி. ஏதோ நடந்துவிட்டது என்று உணர்ந்த சோஃபியா வீடெல்லாம் தேடலானார். நலிந்திருந்த அவர் மனம் மேலும் நலிந்தது.

அக்டோபர் 27 இரவு, தம் அறைத்தாள்களை மனைவி துழாவும் ஓசையை டால்ஸ்டாய் கேட்டார். விடியுமுன் மருத்துவர் மாக்கவீத்ஸ்கியோடு வண்டியேறி ஷ்சோக்கினோ ரயில் நிலையம் போய்ச் சேர்ந்தார். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அறிந்ததும் சோஃபியா குளத்தில் குதித்தார். காப்பாற்றிக் கரையேற்றினார்கள். மடங்களில் சிறிது தங்கிவிட்டுத் தெற்கே பயணப்பட்ட 82 வயது முதியவர், நிமோனியா கண்டு அக்டோபர் 31 அன்று அஸ்தாபவோ நிலையத்தில் இறக்கப்பட்டார். நிலைய அதிகாரி தம் வீட்டையே கொடுத்தார். செய்தியாளர்களும் திரைப்படக் காமிராக்களும் அந்தச் சிற்றூரில் குவிந்தன. தனி ரயில் அமர்த்திக்கொண்டு வந்த சோஃபியாவை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியே அவர் எட்டிப் பார்ப்பது படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. டால்ஸ்டாய் நினைவிழந்த பின்புதான் அனுமதித்தார்கள். நவம்பர் 7 காலை அவர் உயிர் பிரிந்தது. யாஸ்னயா பொல்யானாவின் காட்டில், சிலுவையின்றி, மதச் சடங்கின்றி அவரை அடக்கம் செய்தார்கள்.

பண்ணை என்ன ஆயிற்று என்பதிலேயே இருவர் வழக்கின் முடிவும் இருக்கிறது. பண்ணையை அரசே வாங்கிக் காக்க வேண்டும் என்று சோஃபியா ஜாருக்கு விண்ணப்பித்தார். அரசு வாங்கவில்லை, அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. டால்ஸ்டாய் இறந்தபின் வெளிவந்த நூல்களின் வருமானத்தைக் கொண்டு அலெக்சாந்திரா 1913-ல் பண்ணை நிலத்தின் பெரும்பகுதியை வாங்கி உழவர்களுக்குக் கொடுத்தார். டால்ஸ்டாய் தம் வாழ்நாளில் பகிர்ந்தளிக்க முடியாத நிலம், அவர் பாவம் என்று ஒதுக்கிய பதிப்புரிமைப் பணத்தால் உழவரைச் சேர்ந்தது. வீட்டைச் சோஃபியா வைத்துக்கொண்டார். கணவரின் அறையில் ஒரு பொருளையும் இடம் மாற்றாமல், நூலகத்துக்குப் பட்டியல் எழுதி, பார்க்க வந்தவர்களுக்குத் தாமே சுற்றிக்காட்டினார். 1919 நவம்பர் 4 அன்று இறந்தார். 1921-ல் சோவியத் அரசு யாஸ்னயா பொல்யானாவை அருங்காட்சியகமாக அறிவித்தது. 1941 இறுதியில் ஜெர்மானியப் படை 45 நாள் அங்கே முகாமிட்டது. முக்கியமான பொருள்கள் முன்கூட்டியே சைபீரியாவின் தோம்ஸ்க்குக்குக் கொண்டுபோகப்பட்டதால் தப்பின. சோஃபியாவின் 'யாருடைய தவறு?' அவர் எழுதி நூறாண்டு ஆனபின், 1994-ல்தான் அச்சேறியது. அவருடைய முழுத் தன்வரலாறும் இந்த நூற்றாண்டில்தான் நூலாக வெளிவந்தது.